ஹும்மல் சிற்றுருவங்களின் மதிப்பீடு

ஹும்மல் சிற்றுருவங்கள் என்பன ஜெர்மனியைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவியும் ஓவியருமான மரிய இன்னொசென்சியா ஹும்மலின் ஓவியங்களை அடிப்படையாகக் கொண்டு, 1935 ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்ட சுடுமண் அலங்கார உருவங்கள் ஆகும். சிறுவர் சிறுமியர், வானதூதர்கள், கன்னி மரியாள், குழந்தை இயேசு, கிறிஸ்து பிறப்புக் குடில் ஆகியவை இவற்றின் முக்கிய கருப்பொருள்களாக உள்ளன. ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பல வீடுகளின் கண்ணாடி அலமாரிகளில் இவை இடம்பெற்றுள்ளன.

இச் சிற்றுருவங்களின் வகையையும் காலத்தையும் நிலையையும் கண்டறிந்து, அவற்றுக்குரிய பண மதிப்பைத் தீர்மானிப்பது மதிப்பீடு எனப்படுகின்றது. பழைய பொருள் என்பதாலோ, சமயப் பொருள் என்பதாலோ, அடியில் ஒரு பழைய ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதாலோ ஒரு சிற்றுருவம் விலைமதிப்புடையதாகிவிடாது. எந்த அச்சில் உருவானது, எக்காலத்தில் செய்யப்பட்டது, எந்த நிலையில் உள்ளது, எவ்வளவு அரியது, அதை வாங்குவோர் உள்ளனரா என்னும் ஐந்து வினாக்களுக்கான விடைகளே அதன் மதிப்பை முடிவுசெய்கின்றன. பெற்றோரிடமிருந்து வந்த சேகரிப்பை மிகையாக மதித்து ஏமாறுவோரும், அரிய உருவம் ஒன்றை அறியாமல் சிறு தொகைக்கு விற்றுவிடுவோரும் இருப்பதனால் இவ் வினாக்களை முறையாக ஆராய்வது அவசியமாகின்றது.

வரலாறு

பெர்த்தா ஹும்மல் 1909 மே 21 அன்று பவேரியாவில் உள்ள மாசிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1927 முதல் மியூனிக் நகரில் பயன்பாட்டுக் கலைகளைப் பயின்று 1931 இல் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் சீசன் என்னும் இடத்திலுள்ள பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடத்தில் அவருக்கு மரிய இன்னொசென்சியா என்னும் பெயர் வழங்கப்பட்டது. சிற்றுருவங்களில் காணப்படும் "எம். ஐ. ஹும்மல்" என்னும் கையொப்பத்தின் முதல் இரு எழுத்துக்கள் இப் பெயரைக் குறிப்பன.

அவர் வரைந்த சிறுவர் ஓவியங்கள் அஞ்சல் அட்டைகளாக வெளிவந்து பரவலாயின. கோபுர்க் நகருக்கு அண்மையில் 1871 இல் நிறுவப்பட்ட கோபெல் நிறுவனத்தை அப்போது நடத்திவந்த ஃபிரான்ஸ் கோபெல், இவ் வோவியங்களை முப்பரிமாண உருவங்களாக்க விரும்பி மடத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். ஆர்தர் மோலர், ரைன்கோல்ட் உங்கர் ஆகிய சிற்பிகள் முதல் உருவங்களை வடித்தனர். 1935 ஆம் ஆண்டு லைப்சிக் வணிகக் கண்காட்சியில் இவை அறிமுகப்படுத்தப்பட்டன. புதிய உருவம் ஒவ்வொன்றும் மடத்தின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே உற்பத்திக்கு வந்தது.

நாட்சி ஆட்சிக்கு இவ் வோவியங்கள் உவப்பாக இருக்கவில்லை. 1937 இல் அக் கட்சியின் புயற்படை ஏடு, ஜெர்மானியக் குழந்தைகளை இழிவாகக் காட்டுவதாக ஹும்மலைத் தாக்கி எழுதியது. 1940 இல் சீசன் மடத்தை அரசு கைப்பற்றியது. போர்க்காலத்துக் குளிரும் பற்றாக்குறையும் நிலவிய சூழலில் காசநோய்க்கு ஆளான மரிய இன்னொசென்சியா, 1946 நவம்பர் 6 அன்று தமது 37 ஆவது வயதில் காலமானார்.

போருக்குப் பின்னர் ஜெர்மனியில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இச் சிற்றுருவங்களை வாங்கித் தம் வீடுகளுக்கு அனுப்பினர். இவ்வாறே ஐக்கிய அமெரிக்கா இவற்றின் மிகப் பெரிய சந்தையாகியது. கோபெல் நிறுவனம் 2008 இல் இவற்றின் உற்பத்தியை நிறுத்தியது. 2009 இல் வேறொரு நிறுவனம் அதே ஊரில் உற்பத்தியைத் தொடங்கியது.

செய்முறை

கோபெல் நிறுவனத்தின் பெயரில் பீங்கான் தொழிற்சாலை என்னும் சொல் இடம்பெற்றிருந்தாலும், ஹும்மல் சிற்றுருவங்கள் பீங்கானால் ஆனவை அல்ல. இவை நுண்துளைகள் கொண்ட மென்மையான சுடுமண்ணால் ஆனவை. இவ் வேறுபாடு மதிப்பீட்டில் முக்கியமானது.

முதலில் சிற்பி வடித்த மூல உருவம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் அச்சு எடுக்கப்படும். கூழ்போன்ற களிமண் அச்சினுள் ஊற்றப்படும். அச்சின் சுவர் நீரை உறிஞ்சுவதால் அதனை ஒட்டி ஒரு மண்படலம் உருவாகும். எஞ்சிய கூழ் வெளியே ஊற்றப்பட்டபின் உட்புறம் வெற்றிடமாக அமையும். பின்னர் தலை, கை, சிறகு முதலிய துண்டுகள் கையால் பொருத்தப்பட்டு உருவம் சூளையில் சுடப்படும். அதன்மேல் மெருகு பூசி மீண்டும் சுடுவர். இறுதியாக வண்ணங்கள் கையால் தீட்டப்பட்டு மறுபடியும் சுடப்படும்.

சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக ஒவ்வோர் உருவத்திலும் ஒரு சிறு துளை விடப்படுகின்றது. முதுகிலோ கைக்கு அடியிலோ காணப்படும் இத் துளையைச் சேதம் எனப் புதியவர்கள் தவறாக எண்ணுவதுண்டு. அதேபோல், சுண்ண அச்சுக்கள் பயன்பாட்டில் தேய்வதனால் ஒரே எண்ணைக் கொண்ட இரு உருவங்களின் உயரம் சிறிதளவு மாறுபடலாம். இது போலியின் அடையாளம் அன்று.

அடிப்பகுதியை வாசித்தல்

மதிப்பீட்டின் முதற்படி உருவத்தைத் தலைகீழாக்கி அதன் அடிப்பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியுடன் வாசிப்பதாகும். அங்கு பொதுவாக நான்கு வகைத் தகவல்கள் காணப்படும்.

கையொப்பம்: "எம். ஐ. ஹும்மல்" என்னும் கையொப்பம் வழக்கமாகப் பீடத்தின் பக்கத்திலோ பின்புறத்திலோ மண்ணில் பொறிக்கப்பட்டிருக்கும். பீடம் மிகச் சிறியதாக உள்ள உருவங்களில் இது இல்லாமலும் போகலாம்.

அச்சு எண்: ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. எடுத்துக்காட்டாக, 10 என்பது மலர் மரியாள், 21 என்பது விண்ணக வானதூதர், 214 என்பது கிறிஸ்து பிறப்புக் குடில் தொகுதி ஆகும். எண்ணை அடுத்துச் சாய்கோடும் மற்றோர் எண்ணும் இருப்பின் அது அளவைக் குறிக்கும். சாய்கோட்டின்பின் வெறும் சுழியம் இருந்தால் அது அவ் வடிவத்தின் அடிப்படை அளவு. 2/0, 3/0 என்பன படிப்படியாகச் சிறியவை. உரோம எண்கள் அடிப்படையிலும் பெரிய அளவுகளைக் குறிப்பன. தொகுதியாக வெளிவந்த உருவங்களில் அளவுக்குப் பதிலாக எழுத்துக்கள் இடம்பெறும். யாழ், அக்கார்டியன், எக்காளம் ஆகியவற்றை இசைக்கும் மூன்று வானதூதர்கள் 238 என்னும் எண்ணுடன் ஏ, பி, சி என்னும் எழுத்துக்களைப் பெற்றுள்ளமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வணிகக்குறி: உருவம் செய்யப்பட்ட காலத்தை அறிய உதவும் முதன்மையான சான்று இதுவே. சேகரிப்பாளர்கள் கோபெல் காலத்து வணிகக்குறிகளை எட்டாக வகுத்துள்ளனர். கீழே தரப்பட்டுள்ள ஆண்டுகள் ஏறத்தாழவானவை. ஒரு குறியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இரண்டும் சில காலம் ஒருங்கே வழக்கில் இருந்துள்ளன.

1. முடிக்குறி (1935 - 1950): முடியும் அதன்கீழ்ப் பின்னிய டபிள்யூ, ஜி என்னும் எழுத்துக்களும்.
2. முழுத்தேனீக் குறி (பெரும்பாலும் 1950கள்): 'வி' எழுத்தினுள் பறக்கும் தேனீ.
3. எளிமையாக்கிய தேனீக் குறி (1958 - 1972): தேனீ வெறும் புள்ளியும் முக்கோணச் சிறகுகளுமாகச் சுருங்கியது.
4. மூவரிக் குறி (1964 - 1972): எளிமையாக்கிய தேனீக்கு வலப்புறத்தில் மூன்று வரிகளில் எழுத்துக்கள்.
5. கடைசித் தேனீக் குறி (1972 - 1979): கோபெல் என்னும் பெயரின்மேல் 'வி' எழுத்தும் தேனீயும்.
6. தேனீ இல்லாக் குறி (1979 - 1991): கோபெல் என்னும் பெயர் மட்டும்.
7. ஹும்மல் குறி (1991 - 1999): கோபெல் பெயருடன் முடி மீண்டும் சேர்க்கப்பட்டது.
8. புத்தாயிரத் தேனீக் குறி (2000 - 2008): பெரிய பறக்கும் தேனீ.

ஹும்மல் என்னும் ஜெர்மன் சொல் மயிரடர்ந்த பருத்த ஒருவகைத் தேனீயைக் குறிக்கும். ஓவியரின் குடும்பப் பெயரை நினைவூட்டும் வகையிலேயே தேனீ வணிகக்குறியில் சேர்க்கப்பட்டது. முழுத்தேனீக் குறியிலும் 1950களின் தொடக்கத்தில் பெரிதாக இருந்த தேனீ ஆண்டுதோறும் சிறுத்து 'வி' எழுத்தினுள் தாழ்ந்து வந்துள்ளது. எனவே அதன் அளவையும் இடத்தையும் கொண்டு காலத்தை மேலும் நுணுக்கமாகக் கணிக்க முடியும். ஏழாவது குறியில் முடி மீண்டும் வந்திருப்பதால், 1990களைச் சேர்ந்த உருவத்தை 1930களைச் சேர்ந்ததாக எண்ணிவிடக்கூடாது. முதற்குறியில் முடியுடன் கோபெல் என்னும் முழுப்பெயர் சேர்ந்திருப்பதில்லை.

நாட்டின் பெயரும் உதவக்கூடியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1940களின் பிற்பகுதியில் ஏற்றுமதியான பல உருவங்களில் ஐக்கிய அமெரிக்கப் பகுதியில் செய்யப்பட்டது என்னும் முத்திரை உள்ளது. அதன்பின் மேற்கு ஜெர்மனி என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. 1990 இல் இரு ஜெர்மனிகளும் இணைந்ததைத் தொடர்ந்து மேற்கு என்னும் சொல் நீக்கப்பட்டது.

பொறிக்கப்பட்ட ஆண்டு: மிகுதியான பிழைகள் எழும் இடம் இதுவாகும். அடியில் பொறித்துள்ள ஆண்டு அவ் வடிவத்துக்குப் பதிப்புரிமை பெறப்பட்ட ஆண்டேயன்றி, கையிலுள்ள உருவம் செய்யப்பட்ட ஆண்டன்று. அவ் வாண்டு அச்சிலேயே அமைந்திருப்பதனால், பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் வார்க்கப்பட்ட உருவத்திலும் அதே ஆண்டே காணப்படும். ஓர் உருவத்தில் 1938 என்னும் ஆண்டும் தேனீ இல்லாக் குறியும் ஒருங்கே இருப்பின், அவ் வுருவம் 1979 க்கும் 1991 க்கும் இடையில் செய்யப்பட்டதாகும். ஆண்டை மட்டும் நோக்கி வாங்குபவர் நாற்பது ஆண்டுப் பழைமைக்கு வீணாகப் பணம் செலுத்த நேரிடும்.

சுருங்கக்கூறின், அச்சு எண் உருவத்தின் வடிவத்தையும், வணிகக்குறி அதன் காலத்தையும், பொறித்த ஆண்டு அச்சின் உரிமையையும் காட்டுவன. பொதுவாக ஒரே வடிவத்தில் முடிக்குறியோ முழுத்தேனீக் குறியோ உடைய உருவம், பிற்காலக் குறியுடைய உருவத்தைவிடக் கூடுதல் விலை பெறும்.

நிலையை ஆராய்தல்

அடிப்பகுதி வாசிக்கப்பட்டபின் உருவத்தின் நிலை ஆராயப்படுகின்றது. வானதூதரின் சிறகு நுனி, இசைக்கருவி, விரல்கள், மரியாளின் ஒளிவட்டம், பீடத்தின் விளிம்பு ஆகியன எளிதில் உடையும் பகுதிகளாகும். விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய பெயர்வுகள் தட்டுப்படும். சிறு பெயர்வும் விலையைப் பெருமளவு குறைக்கும். பரவலாகக் கிடைக்கும் வடிவமாயின் உடைந்த உருவத்தை வாங்குவோர் அரிதாகவே உள்ளனர்.

மெருகு வெடிப்பு என்பது மெருகுப் படலத்தில் சிலந்திவலை போலத் தோன்றும் நுண்ணிய கோடுகளைக் குறிக்கும். சுடுமண் நுண்துளைகள் உடையதாதலால் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துச் சிறிதளவு விரிவடைகின்றது. கண்ணாடித் தன்மையுள்ள மெருகு அதனுடன் சேர்ந்து விரிவடைய இயலாமல் வெடிக்கின்றது. வெப்பநிலை அடிக்கடி மாறும் இடங்களில் இது விரைவாக நிகழும். பழைய உருவங்களில் மெல்லிய வெடிப்பைச் சேகரிப்பாளர் ஓரளவு பொறுத்துக்கொள்வர். முகத்தில் தெளிவாகத் தெரியும் வெடிப்பும், அழுக்கேறிக் கறுத்த வெடிப்பும் விலையைக் குறைக்கும்.

பழுதுபார்க்கப்பட்ட உருவங்களை இனங்காண்பதற்கு இருட்டறையில் புறஊதா விளக்கு பயன்படுத்தப்படுகின்றது. பல ஒட்டுப் பசைகளும் பிற்காலப் பூச்சுக்களும் இவ் வொளியில் மூல மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிர்கின்றன. உருவத்தை மெதுவாகத் தட்டும்போது எழும் ஒலியும் ஒரு குறிப்பாகும். முழுமையான உருவம் தெளிவான ஒலியையும், வெடித்த உருவம் மழுங்கிய ஒலியையும் தரும். பழுதுபார்ப்பு தன்னளவில் குற்றமன்று. அதனை மறைத்து விற்பதே குற்றமாகும்.

சேமிப்பில் இருக்கும் உருவங்களை நீரில் அமிழ்த்திக் கழுவுதல் கூடாது. காற்றுத் துளை வழியாக நீர் உள்ளே புகுந்து மண்ணில் ஊறும். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுவதும், தேவையாயின் ஈரத் துணியால் துடைப்பதும் போதுமானவை.

அரிய வடிவங்கள்

ஒரே எண்ணுடைய வடிவமும் காலப்போக்கில் மாற்றம் பெற்றுள்ளது. இம் மாற்றங்களே பல உருவங்களை அரியவை ஆக்கியுள்ளன. சமய உருவங்களில் இதற்குச் சில எடுத்துக்காட்டுகள் உள்ளன.

மலர் மரியாள் (10) உருவத்தின் தொடக்ககால வார்ப்புகளில் ஒளிவட்டம் நடுவில் துளையுள்ள வளையமாக இருந்தது. 1950களில் வடிவம் திருத்தப்பட்டபின் அது மூடிய வட்டமாக மாறியது. வளைய ஒளிவட்டமுடைய உருவங்களைச் சேகரிப்பாளர்கள் கூடுதலாக விரும்புகின்றனர். இவ் வுருவம் வெண்ணிறத்திலும் பல வண்ணங்களிலும் வெளிவந்தமையால் நிறமும் விலையைப் பாதிக்கும்.

காவல் தூதர் தீர்த்தத் தொட்டி (29) சுவரில் மாட்டும் வகையைச் சேர்ந்தது. அதன் சிறகுகள் எளிதில் உடைந்தமையால் அவ் வடிவம் கைவிடப்பட்டு, 248 என்னும் எண்ணில் புதிய வடிவம் வெளியிடப்பட்டது. இதனால் 29 என்னும் எண்ணுடைய தொட்டி கிடைத்தற்கரியதாகியுள்ளது. உடையும் தன்மையே அரிய தன்மைக்குக் காரணமானமை இங்கு குறிப்பிடத்தக்கது.

குடில் தொகுதியில் (214) மரியாளும் குழந்தை இயேசுவும் தொடக்கத்தில் ஒரே உருவமாக வார்க்கப்பட்டனர். சுடும்போது எழுந்த சிக்கல்களால் இம் முறை விரைவில் கைவிடப்பட்டு, இருவரும் தனித்தனி உருவங்களாயினர். ஒன்றிணைந்த உருவம் இன்று அரியது. தொகுதியாக விற்கும்போது எல்லா உருவங்களும் ஒரே காலத்து வணிகக்குறியைக் கொண்டுள்ளனவா என்பதும் பார்க்கப்படும்.

அமைதி இரவு என்னும் மெழுகுதிரித் தாங்கி 54 என்னும் எண்ணில் பரவலாகக் கிடைப்பதாகும். இதே காட்சி 31 என்னும் எண்ணில் முன்னர் வெளிவந்தபோது குழந்தைகளுள் ஒருவர் கருநிறச் சிறுவராகத் தீட்டப்பட்டிருந்தார். அத் தாங்கி மிக அரியவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. எண்ணை வாசிக்காமல் காட்சியை மட்டும் பார்த்து மதிப்பிடுவதில் உள்ள இடரை இது காட்டுகின்றது.

போலிகளும் பின்பற்றல்களும்

ஹும்மல் சிற்றுருவங்களின் புகழ் பல பின்பற்றல்களுக்கு வழிவகுத்தது. போர்க்காலத்தில் ஜெர்மனியிலிருந்து இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது நியூயார்க்கில் டப்ளர் என்னும் பெயரில் சுண்ணச்சாந்து உருவங்கள் விற்கப்பட்டன. இங்கிலாந்தின் பெஸ்விக் நிறுவனமும் 1940களின் தொடக்கத்தில் ஹும்மல் வடிவங்களை ஒத்த சிலவற்றைச் செய்தது. போருக்குப் பின்னர் ஜப்பானில் செய்யப்பட்டு எரிக் ஸ்டாஃபர் என்னும் பெயருடன் விற்பனையான சிறுவர் உருவங்களும் ஹும்மல் உருவங்களாகத் தவறாகக் கருதப்படுவதுண்டு.

இவற்றுள் எல்லாம் மதிப்பற்றவை அல்ல. பெஸ்விக் உருவங்கள் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டமையால் பரவலாகக் கிடைக்கும் சில ஹும்மல் உருவங்களைவிட அவை கூடுதல் விலை பெறுகின்றன. ஆகவே மதிப்பீட்டாளர் ஓர் உருவம் போலி என்று கண்டதுடன் நிறுத்தாமல், அது உண்மையில் எது என்பதையும் கண்டறிதல் வேண்டும்.

கோபெல் நிறுவனம் ஹும்மல் ஓவியங்களுடன் தொடர்பில்லாத பல உருவங்களையும் செய்துள்ளது. அவற்றிலும் கோபெல் வணிகக்குறி இருக்கும். எனவே வணிகக்குறி மட்டும் ஓர் உருவத்தை ஹும்மல் சிற்றுருவமாக்கிவிடாது. அச்சு எண்ணும் கையொப்பமும் அதனுடன் பொருந்த வேண்டும்.

மதிப்பின் வகைகள்

ஓர் உருவத்துக்கு ஒரே மதிப்பு மட்டுமே உண்டு என்பது பொதுவான தவறான கருத்தாகும். மதிப்பீடு எந்த நோக்கத்துக்காகச் செய்யப்படுகின்றது என்பதைப் பொறுத்துத் தொகை வேறுபடும்.

மாற்றீட்டு மதிப்பு: உருவம் உடைந்தாலோ திருடப்பட்டாலோ அதுபோன்ற மற்றொன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை. காப்பீட்டுக்கு இதுவே பயன்படும். பொதுவாக வகைகள் அனைத்திலும் இதுவே உயர்ந்த தொகையாகும்.

நியாயமான சந்தை மதிப்பு: கட்டாயம் ஏதுமின்றி, விவரம் அறிந்த வாங்குபவரும் விற்பவரும் உடன்படும் தொகை. மரபுரிமைச் சொத்தைப் பங்கிடவும், வரி தொடர்பான தேவைகளுக்கும் இது பயன்படும். ஐக்கிய அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேற்பட்ட பொருட்கொடைக்கு வருமான வரிக் கழிவு கோருவோர், பெரும்பாலான பொருள்களுக்குத் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பெற வேண்டும்.

விரைவு விற்பனை மதிப்பு: குறுகிய காலத்தில் விற்கும்போது கிடைக்கும் தொகை. வணிகர் ஒருவர் தம் செலவையும் ஆதாயத்தையும் கழித்தே விலை கூறுவாராதலால் இது குறைவாகவே அமையும்.

காப்பீட்டு அறிக்கையில் உள்ள தொகையைக் கண்டு, விற்றாலும் அதே தொகை கிடைக்கும் என எண்ணுவதே குடும்பங்களில் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணமாகும். விலைக் கையேடுகளில் காணும் தொகைகளும் இத்தகையனவே. ஹும்மல் உருவங்களுக்காக ராபர்ட் மில்லர், கார்ல் லக்கி முதலியோர் தொகுத்த கையேடுகள் வடிவங்களையும் குறிகளையும் இனங்காண இன்றும் பயன்படுகின்றன. அவற்றிலுள்ள விலைகளோ சந்தை உச்சத்தில் இருந்த காலத்தைச் சேர்ந்தவை. விற்பவர் கேட்கும் விலையும் சான்றாகாது. நிறைவடைந்த ஏலங்களில் உண்மையில் செலுத்தப்பட்ட தொகையே நம்பத்தக்க ஒப்பீடாகும்.

தொழில்முறை மதிப்பீட்டாளர்கள் சில நெறிகளுக்கு உட்பட்டவர்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1987 இல் தொடங்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவகத்தின் கீழ் இயங்கும் குழு, இதற்கான சீர்தரங்களை வெளியிடுகின்றது. மதிப்பிட்ட தொகையில் விழுக்காடாகக் கட்டணம் பெறுதல் இந் நெறிகளுக்கு முரணானது. பொருளை மதிப்பிட்டு, உடனே தாமே வாங்கிக்கொள்ள முன்வருபவரின் மதிப்பீட்டை நடுநிலையானதாகக் கொள்ள இயலாது.

சந்தையின் ஏற்றமும் வீழ்ச்சியும்

1970களில் ஹும்மல் சேகரிப்பு ஐக்கிய அமெரிக்காவில் பெரும் வேகம் பெற்றது. கோபெல் நிறுவனத்தின் நூற்றாண்டான 1971 இல் விண்ணக வானதூதர் உருவம் பொறித்த முதலாவது ஆண்டுத் தட்டு 25 டாலருக்கு வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதன் விலை பல மடங்கு உயர்ந்தது. 1977 இல் சேகரிப்பாளர் மன்றம் ஒன்றும் தொடங்கப்பட்டது. இச் சிற்றுருவங்கள் வீட்டு அலங்காரப் பொருள் என்னும் நிலையிலிருந்து முதலீடு என்னும் நிலைக்கு மாறின.

தேவை பெருகியதும் உற்பத்தியும் பெருகியது. முதலீடாகக் கருதி வாங்கியோர் உருவங்களைப் பேணிப் பாதுகாத்தமையால் அவற்றுள் பெரும்பாலானவை சேதமின்றி எஞ்சின. 1995 இல் தொடங்கப்பட்ட ஈபே போன்ற இணைய ஏலத் தளங்கள், அரியவை எனக் கருதப்பட்ட உருவங்கள் எத்தனை வீடுகளில் இருந்தன என்பதை வெளிப்படுத்தின. முதல் தலைமுறைச் சேகரிப்பாளர்கள் முதுமையடைந்து, அவர்களது சேகரிப்புகள் ஒருசேரச் சந்தைக்கு வந்தபோது அடுத்த தலைமுறையினரிடம் அதே விருப்பம் இருக்கவில்லை. இதன் விளைவாகப் பிற்காலக் குறியுடைய பொதுவான உருவங்கள் பல, முதலில் வாங்கிய விலைக்கும் குறைவாக விற்கப்படுகின்றன. ஆண்டுத் தட்டுகளும் அவ்வாறே. முடிக்குறியுடைய அரிய வடிவங்கள் மட்டும் ஓரளவு மதிப்பைத் தக்கவைத்துக்கொண்டுள்ளன.

செய்யப்பட்ட எண்ணிக்கையும் எஞ்சியுள்ள எண்ணிக்கையும் விரும்புவோரின் எண்ணிக்கையும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இவ் வரலாறு தெளிவான சான்றாகும். சேகரிப்பதற்காகவே விற்கப்படும் பொருள்கள் பிற்காலத்தில் அரியவையாவது குறைவு.

சமயப் பொருள் என்னும் நிலை

தமிழ்க் கத்தோலிக்கர் சுரூபம் என அழைக்கும் வழிபாட்டு உருவங்களுக்கும் இவ் வகை அலங்கார உருவங்களுக்கும் வேறுபாடு உண்டு. ஹும்மலின் வானதூதர்கள் பெரும்பாலும் வீட்டை அலங்கரிக்கவும், பரிசளிக்கவும் செய்யப்பட்டவர்கள். ஆயினும் மரியாள் உருவங்களும் தீர்த்தத் தொட்டிகளும் பல இல்லங்களில் வழிபாட்டுப் பயன்பாட்டில் இருந்துள்ளன. குருவால் மந்திரிக்கப்பட்ட பொருள்கள் தனியாருடையனவாக இருப்பினும் மரியாதையுடன் கையாளப்பட வேண்டும் எனத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171 ஆவது பிரிவு கூறுகின்றது.

இம் மதிப்பு பண மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை. திருமணத்திலோ திருமுழுக்கிலோ பரிசாகப் பெற்ற உருவம் ஒரு குடும்பத்துக்கு விலைமதிப்பற்றதாக இருக்கலாம். சந்தையில் அது மற்றொரு 21/0 உருவமே. இவ் விரண்டையும் பிரித்தறிந்து கூறுவது மதிப்பீட்டாளரின் கடமைகளுள் ஒன்றாகும். குறைந்த தொகை மதிப்பிடப்பட்ட பொருள் விற்பதற்கு உகந்ததன்று என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வைத்திருப்பதற்குத் தகுதியற்றது என்பதன்று.

பிற சிற்றுருவங்கள்

மேற்கூறிய முறை ஏனைய சமய, வானதூதர் சிற்றுருவங்களுக்கும் பொருந்தும். குறிகள் மட்டுமே வேறுபடுகின்றன. அமெரிக்க ஓவியர் சாமுவேல் புட்சரின் ஓவியங்களைக் கொண்ட பிரெஷஸ் மொமன்ட்ஸ் உருவங்களில் 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குறி இடப்பட்டது. 1981 க்கு முக்கோணம், 1982 க்கு மணற்கடிகாரம், 1983 க்கு மீன், 1984 க்குச் சிலுவை, 1985 க்குப் புறா என்பன அவை. ஸ்பெயினில் வாலென்சியாவுக்கு அண்மையில் 1953 இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய லியத்ரோ நிறுவனத்தின் உருவங்கள் உண்மையான பீங்கானால் ஆனவை. அவற்றில் விரல்களும் மலரிதழ்களும் மிக மெல்லியவையாக இருப்பதால் அவையே முதலில் ஆராயப்படுகின்றன.

எந்த வகையாயினும், உருவத்தின் முன்புறம், பின்புறம், அடிப்பகுதி ஆகியவற்றின் நிழற்படங்களையும், எண், குறி, உயரம், சேதம் ஆகிய விவரங்களையும் பதிவுசெய்து வைத்தல் பயனுள்ளது. வாங்கிய சீட்டும் பரிசளித்தவரின் கடிதமும் இருப்பின் அவற்றையும் உருவத்துடன் சேர்த்துப் பாதுகாக்கலாம். இத்தகைய பதிவு காப்பீட்டுக்கும் பாகப்பிரிவினைக்கும் உதவுவதுடன், அடுத்த தலைமுறையினர் உருவத்தின் காலத்தையும் வரலாற்றையும் அறிந்துகொள்ளவும் துணைபுரியும்.